சீரியல் செட்டும் ஆரஞ்சு ஒயரும்

(நம் முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'மின்சார வாகனங்களின் எதிர்காலம்'. எதிர்காலம் சொல்வதற்கு நம் ஊரில் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். கிளி கூடச் சொல்லும். நான் பட்டறை ஆள். அதனால் மின்சாரக் காரில் இருக்கிற ஒரு மெல்லிய ஒயரைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டேன். அந்த ஒயரில் ஓடுவது சில மில்லி ஆம்பியர்தான். ஆனால் அது அறுந்தால் பல லட்சம் ரூபாய் வண்டி இருந்த இடத்தை விட்டு நகராது. அதைத் தப்பாகச் சரி செய்தால் ஓர் உயிர் போகலாம். அந்த ஒயருக்கு 'ஹை வோல்டேஜ் இன்டர்லாக்' என்று பெயர். சுருக்கமாக எச்.வி.ஐ.எல். என்பார்கள்.

அது என்ன சுற்று?

இன்டர்லாக் என்பது புதிய விஷயம் இல்லை. பழைய கட்டடங்களில் இழுத்துச் சாத்துகிற கிரில் கதவு வைத்த லிப்டைப் பார்த்திருப்பீர்கள். கதவு ஒரு அங்குலம் திறந்திருந்தாலும் லிப்ட் நகராது. பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் பலன் இல்லை. மேல் மாடியில் யாரோ கதவைச் சரியாகச் சாத்தாமல் போயிருப்பார்கள். கீழே நிற்கிறவர் கத்துவார், "கதவைச் சாத்துங்கப்பா!" இதுதான் இன்டர்லாக். கதவுக்கு ஒரு சுவிட்ச். எல்லாக் கதவுகளின் சுவிட்சுகளும் ஒரே வரிசையில். ஒன்று திறந்தாலும் மோட்டாருக்கு அனுமதி இல்லை.

மின்சாரக் காரிலும் இதே கதைதான். பெரிய பேட்டரியில் ஏறக்குறைய 300 முதல் 400 வோல்ட் வரை நேர் மின்சாரம் இருக்கும். 800 வோல்ட் வகைக் கார்களும் வந்துவிட்டன. அந்த மின்சாரம் ஆரஞ்சு நிற உறை போட்ட தடித்த கேபிள்களில் இன்வெர்ட்டருக்கும், ஏ.சி. கம்ப்ரஸருக்கும், ஹீட்டருக்கும், சார்ஜருக்கும் போகிறது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெரிய கனெக்டர். அந்தக் கனெக்டருக்குள்ளேயே இரண்டு சின்னப் பின்கள் தனியாக இருக்கும். இந்தச் சின்னப் பின்களைக் கோத்துக்கொண்டு ஒரு மெல்லிய ஒயர் வண்டி முழுக்கச் சுற்றி வருகிறது. கண்ட்ரோல் யூனிட் அதன் ஒரு முனையில் சின்ன மின்னோட்டத்தை அனுப்பி, மறுமுனையில் அது வந்து சேர்கிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். சில கம்பெனிகள் நிலையான 5 அல்லது 12 வோல்ட் கொடுக்கும். சில கம்பெனிகள் விட்டு விட்டு வருகிற துடிப்பாகக் கொடுக்கும். தத்துவம் ஒன்றுதான்.

திருவிழாவுக்குக் கோயில் கோபுரத்தில் மாட்டுகிற சீரியல் செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல்பு போனால் வரிசை முழுக்க அணைந்துவிடும். மைக் செட்காரர்களுக்கு அது பெரிய தலைவலி. ஆனால் இங்கே அந்தத் தலைவலிதான் வேண்டும். எங்கே அறுந்தாலும் சுற்று முழுவதும் அணைய வேண்டும். ஒயரை எலி கடித்தாலும் சரி, பின் பின்வாங்கினாலும் சரி, மனிதன் மூடியைத் திறந்தாலும் சரி, 'பாதுகாப்பு இல்லை' என்று ஒரே பதில்தான் வர வேண்டும்.

ஏன் இத்தனை கவலை?

மாணவர்களுக்காக இரண்டு சின்னக் கணக்கு. மனித உடலின் தடையை 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 400 வோல்ட்டைத் தொட்டால் 0.4 ஆம்பியர். இதயத் துடிப்பைக் கலைக்க இதில் சிறு பகுதி போதும். அதனால்தான் ஐ.நா.வின் வாகன விதி எண் 100, நேர் மின்சாரத்தில் 60 வோல்ட்டை எல்லையாக வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் 'உயர் மின்னழுத்தம்'. நம் நாட்டின் ஏ.ஐ.எஸ். 038 விதியும் அதை ஒட்டியதுதான். கருவி எதுவும் இல்லாமல் கையால் கழற்றக்கூடிய கனெக்டர் என்றால் என்ன செய்யலாம் என்று அந்த ஐ.நா. விதி சில வழிகளைச் சொல்கிறது. அதில் ஒன்று, கழற்றிய 1 விநாடிக்குள் வெளியே தெரியும் உலோகத்தில் மின்னழுத்தம் 60 வோல்ட்டுக்குள் இறங்கிவிட வேண்டும் என்பது. ஒருவர் கழற்றுகிறார் என்பது வண்டிக்கு முன்கூட்டியே தெரிந்தால்தானே இது நடக்கும்? அதைத் தெரிவிப்பதுதான் நம் மெல்லிய ஒயரின் வேலை.

இரண்டாவது கணக்கு. வீட்டில் வருகிற 50 ஹெர்ட்ஸ் மாறு மின்சாரம் விநாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. சுவிட்சில் பொறி பறந்தாலும் அந்தப் பூஜ்யத்தில் அணைய வாய்ப்புண்டு. நேர் மின்சாரத்துக்குப் பூஜ்யமே கிடையாது. மின்னோட்டம் ஓடுகிறபோது கனெக்டரை இழுத்தால் தீப்பொறி அணையாமல் நீண்டுகொண்டே வரும். வெல்டிங் பட்டறையில் பார்க்கிற அதே வெளிச்சம். கையும் கண்ணும் அதற்கு முன்னால் இருக்கும்.

இதைத் தடுக்கத்தான் கனெக்டரில் ஓர் எளிய தந்திரம் வைத்திருக்கிறார்கள். இன்டர்லாக் பின்கள் பவர் பின்களைவிடக் குட்டை. மாட்டும்போது கடைசியில் சேரும்; கழற்றும்போது முதலில் விலகும். பெரிய பின்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்போதே சின்னப் பின் விலகி, 'யாரோ கழற்றுகிறார்கள்' என்று சொல்லிவிடும். கண்ட்ரோல் யூனிட் மோட்டாரின் இழுவையை நிறுத்தி, பேட்டரிப் பெட்டிக்குள் இருக்கிற கான்டாக்டர்களைத் திறந்து, இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டரில் தேங்கியதை வடித்துவிடும். நெம்புகோல் வைத்த கனெக்டர்களில் நெம்புகோலை இரண்டு கட்டமாகத் திறக்கச் சொல்வது அந்த அவகாசத்துக்காகத்தான். அவசரக்காரனுக்காகவே செய்த ஏற்பாடு.

வண்டி என்ன செய்யும்?

நின்றுகொண்டிருக்கிற வண்டியில் சுற்று அறுந்தால் 'ரெடி' விளக்கு எரியாது. கான்டாக்டர் மூடுகிற 'டக்' சத்தம் கேட்காது. டிரைவருக்கு ஒன்றும் புரியாது. ரேடியோ பாடும், விளக்கு எரியும், வண்டி மட்டும் போகாது.

ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் அறுந்தால்? நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே சட்டென்று இழுவையை நிறுத்துவதும் ஆபத்துதான். அதனால் பல வண்டிகளில் ஓடும்போது எச்சரிக்கை மட்டும் வரும். நிறுத்தி அணைத்தபின் மறுபடி கிளம்பாது. "வர்றப்ப நல்லாத்தான் வந்துச்சு சார், டீ குடிச்சிட்டு வந்து பார்த்தா போக மாட்டேங்குது" என்று வாடிக்கையாளர் சொன்னால் நம்புங்கள். அவர் பொய் சொல்லவில்லை. டீக்கடைக்கு முன்பே ஏதோ ஒரு குலுக்கலில் சுற்று அறுந்திருக்கும்.

ஸ்கேனரைப் போட்டால் பொதுவான குறியீடுகள் பி0ஏ0ஏ-யில் தொடங்கி பி0ஏ0இ வரை வரும். முதலாவது, சுற்றில் கோளாறு என்று பொதுவாகச் சொல்வது. அடுத்தடுத்தவை முறையே அளவு பொருந்தவில்லை, மின்னழுத்தம் குறைவு, மின்னழுத்தம் அதிகம், விட்டு விட்டு வருகிறது என்று வகை பிரிப்பவை. இவற்றோடு கம்பெனியின் சொந்தக் குறியீடுகளும் இருக்கும். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பி0ஏஏ6 என்பது வேறு வியாதி. அது உயர் மின்னழுத்தம் பாடிக்குக் கசிகிறது என்று சொல்வது. இன்டர்லாக் கோளாறு என்றால் 'கதவு திறந்திருக்கிறது' என்று அர்த்தம். பி0ஏஏ6 என்றால் 'சுவரில் ஷாக் அடிக்கிறது' என்று அர்த்தம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

வைத்தியத்தின் வரிசை

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் பயிற்சி கொடுக்கிற பையன்களிடம் எப்போதும் இந்த வரிசையைத்தான் சொல்வேன்.

முதலில் வண்டியைத் தொடாதே, ஆளைக் கேள். கடைசியாக இந்த வண்டியில் என்ன வேலை நடந்தது? முன்பக்கம் இடித்து டிங்கரிங் பார்த்தார்களா? ஏ.சி. கேஸ் போட்டார்களா? தண்ணீர் தேங்கிய சாலையில் போனதா? இன்டர்லாக் கோளாறுகளில் பல, யாரோ ஒருவர் வேறு வேலை பார்த்துவிட்டு ஒரு கனெக்டரை முக்கால்வாசி மட்டும் மாட்டியதால் வருபவை. கேள்வி கேட்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும். கேட்காமல் விட்டால் ஐந்து மணி நேரம் ஆகும்.

இரண்டாவது, 12 வோல்ட் பேட்டரியைப் பார். மின்சாரக் காரிலும் அந்தச் சின்னப் பேட்டரி இருக்கிறது. அது சோர்ந்து போனால் கண்ட்ரோல் யூனிட்டுகள் உளற ஆரம்பிக்கும். காய்ச்சல்காரன் பேச்சைக் கேட்டு முடிவு எடுக்கக் கூடாது. அதை முதலில் சரி செய்துவிட்டு மறுபடி குறியீடுகளைப் படி. எல்லா யூனிட்டையும் படி. கோளாறு பதிவான அந்தக் கணத்தில் வேகம் என்ன, வெப்பம் என்ன என்ற விவரத்தையும் எழுதிக்கொள். எழுதிக்கொண்ட பிறகுதான் அழிக்க வேண்டும். நிறையப் பேர் அழித்துவிட்டுத் தேடுவார்கள்.

மூன்றாவது, வரைபடத்தை எடு. அந்த மாடலுக்கான சர்வீஸ் புத்தகத்தில் சுற்று எந்த வரிசையில் எந்த எந்தக் கனெக்டர் வழியாகப் போகிறது என்று இருக்கும். சில வண்டிகளில் ஒரே சுற்று. சில வண்டிகளில் இரண்டு மூன்று தனிச் சுற்றுகள். ஊகம் இங்கே செல்லாது. ஒரு தாளில் சீரியல் செட் மாதிரி வரைந்து, ஒவ்வோர் இணைப்புக்கும் ஒன்று, இரண்டு என்று எண் போடு.

நான்காவது, கண்ணால் பார். எல்லாக் கனெக்டர் பூட்டும் முழுதாக விழுந்திருக்கிறதா? சர்வீஸ் பிளக் கடைசிக் கட்டம் வரை உட்கார்ந்திருக்கிறதா? ஓர் உதாரணம் சொல்கிறேன். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா ப்ரியஸ்தான் பெரிய எண்ணிக்கையில் தயாரான முதல் ஹைபிரிட் கார். அதன் இரண்டாம் தலைமுறையில் சர்வீஸ் பிளக்கைச் செருகி, பிடியைத் திருப்பி, அதற்குப் பிறகு பிடியை நகர்த்திப் பூட்ட வேண்டும். முதல் இரண்டைச் செய்துவிட்டு மூன்றாவதை மறந்தால் பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். இன்டர்லாக் மட்டும் சேராது, வண்டி 'ரெடி' ஆகாது. இது வடிவமைப்பின் குறை இல்லை. 'நீ வேலையை முடிக்கவில்லை' என்று வண்டி சொல்கிற முறை.

ஐந்தாவது, மின்சாரத்தை இறக்கு. மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன் இது நடக்க வேண்டும். வண்டியை அணைத்து, சாவியைத் தூரத்தில் வை. 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்று. 1000 வோல்ட்டுக்கான க்ளாஸ் 0 ரப்பர் கையுறையை ஊதி, ஓட்டை இருக்கிறதா பார்த்து, அதன்மேல் தோல் கையுறை போட்டுக்கொண்டு சர்வீஸ் பிளக்கை எடுத்து உன் பாக்கெட்டில் வை. பிறகு புத்தகம் சொல்கிற நேரம் காத்திரு. வண்டிக்கு வண்டி 5 நிமிடம், 10 நிமிடம் என்று மாறும். ஏன் காத்திருக்க வேண்டும்? 500 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 400 வோல்ட்டில் 40 ஜூல் வைத்திருக்கும். ஒரு கிலோ படிக்கல்லை 4 மீட்டர் உயரத்திலிருந்து தலையில் போடுவதற்குச் சமம்.

அப்புறம் அளந்து பார். மீட்டரை முதலில் தெரிந்த 12 வோல்ட்டில் வைத்து அது வேலை செய்கிறதா பார். அடுத்து ஆரஞ்சு முனைகளில் வைத்துப் பூஜ்யம் என்று பார். மறுபடி தெரிந்த 12 வோல்ட்டில் வை. நடுவில் மீட்டரின் ஃப்யூஸோ ஒயரோ போயிருந்தால் செத்த மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும். செத்த மீட்டரின் பூஜ்யத்தை நம்பி யாரும் சாகக் கூடாது.

பாதி பாதியாக வெட்டுவது

இனிமேல் வேலை சுலபம். மைக் செட்காரரிடம் போவோம். 64 பல்பு வரிசை அணைந்து கிடக்கிறது. விவரம் தெரியாத பையன் முதல் பல்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவான். அனுபவசாலி வரிசையின் நடுவில் டெஸ்டர் வைப்பார். இந்தப் பக்கம் நன்றாக இருந்தால் கோளாறு அந்தப் பக்கம். அதிலும் பாதி, அந்தப் பாதியிலும் பாதி. 64 பல்புக்கு 6 தடவை போதும். நம் வண்டியில் 8 இணைப்பு என்றால் 3 அளவையில் பிடித்துவிடலாம். இதை நாம் இங்கே இரண்டின் அடுக்கு என்று கணக்கு வகுப்பில் படித்தோம். மைக் செட்காரர் கோபுரத்தின் மேலே நின்று படித்தார்.

கண்ட்ரோல் யூனிட்டின் கனெக்டரிலிருந்து நடு இணைப்பு வரை தடையை அள. சுற்றில் வேண்டுமென்றே ரெசிஸ்டர் வைத்திருந்தால் புத்தகத்தில் எவ்வளவு என்று இருக்கும். இல்லையென்றால் ஓரிரு ஓமுக்கு மேல் வரக் கூடாது. பாடிக்கு ஷார்ட்டா, 12 வோல்ட்டுக்கு ஷார்ட்டா என்பதையும் பார்த்துவிடு. ஒன்றை நினைவில் வை. பெரும்பாலும் சர்வீஸ் பிளக்கிலும் இந்தச் சுற்று போகிறது. அதைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சுற்று முழுவதையும் அளந்தால், அறுந்ததாகத்தான் காட்டும். அது கோளாறு இல்லை. நீயே திறந்த கதவு. பிளக்குக்கு இந்தப் பக்கம் தனி, அந்தப் பக்கம் தனி என்று அளக்க வேண்டும்.

அளக்கும்போது மீட்டரின் தடித்த ஊசியைச் சின்னப் பெண் பின்னுக்குள் திணிக்காதே. பின்னின் வாய் விரிந்துவிடும். முதலில் கோளாறு இல்லாத இடத்திலும் அதற்குப் பிறகு லூஸ் கான்டாக்ட் வரும். அதே அளவுள்ள உதிரி ஆண் பின் ஒன்றை ஒயரில் வைத்துக்கொண்டு அதைச் செருகி அள. செருகி இழுத்தால் மெல்லிய பிடி தெரிய வேண்டும். பிடியில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால், கோளாறு உன் கைக்கே தெரிந்துவிடும்.

விட்டு விட்டு வருகிற கோளாறுதான் பொறுமையைச் சோதிக்கும். பட்டறையில் நிற்கும்போது நன்றாக இருக்கும். வேகத்தடையில் ஏறினால் போய்விடும். மீட்டரில் அதிகபட்சம், குறைந்தபட்சத்தைப் பதிவு செய்கிற வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு ஒயர்க்கட்டை இடம் இடமாக அசைத்துப் பார். ஒரு கணம் எகிறினாலும் மீட்டர் பதிவு செய்துவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஹெட்லைட் மாதிரி ஆம்பியர் கணக்கில் ஓடுகிற சுற்றில், பின் மேல் மெல்லிய துரு படிந்தாலும் மின்னோட்டம் அதை உடைத்துக்கொண்டு ஓடிவிடும். சில மில்லி ஆம்பியருக்கு அந்தச் சக்தி இல்லை. வண்டியின் அதிர்வில் தகரப் பூச்சு உரசி உரசிக் கறுப்புப் பொடி படியும். பெரிய சுற்றுக்கு அது தூசு. இந்தச் சுற்றுக்கு அது சுவர். அதனால்தான் இப்படிப்பட்ட சின்ன மின்னோட்டப் பின்களுக்குத் தங்கப் பூச்சு கொடுப்பதும் உண்டு. 'இவ்வளவு சின்ன அழுக்கா வண்டியை நிறுத்தும்?' என்று கேட்காதீர்கள். நிறுத்தும்.

நான் பார்த்த இரண்டு வண்டிகள்

மழைக்காலத்தில் ஒரு கார் வந்தது. காலையில் கிளம்பாது, வெயில் ஏறினால் கிளம்பும். இரண்டு இடத்தில் காட்டிவிட்டு வந்திருந்தார்கள். கண்ட்ரோல் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்று ஓரிடத்தில் பெரிய தொகை சொல்லியிருந்தார்கள். வரைபடம் போட்டு, நடுவில் வெட்டி, மூன்றாவது அளவையில் ஏ.சி. கம்ப்ரஸர் கனெக்டருக்கு வந்து சேர்ந்தோம். கழற்றினால் ரப்பர் சீல் மடிந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் வழியே ஈரம் இறங்கி, சின்னப் பின்னில் பச்சை பூத்திருக்கிறது. இரவு ஈரத்தில் தடை ஏறும். பகலில் காய்ந்தால் இறங்கும். புதிய பின்னும் சீலும் போட்டோம். கண்ட்ரோல் யூனிட் பாவம், அது சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டாவது வண்டிதான் என்னை இன்று இங்கே பேச வைத்தது. அது இன்டர்லாக் கோளாறோடு வரவில்லை. ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று வந்தது. எங்கள் வழக்கப்படி ஒரு சோதனை செய்வோம். மின்சாரத்தை முறைப்படி இறக்கி, பூஜ்யம் பார்த்தபின் ஒரு கனெக்டரைக் கழற்றிவைத்துவிட்டு, இன்டர்லாக் திறந்ததாகக் காட்டுகிறதா என்று சுற்றை அளப்போம். காட்டவில்லை. சுற்று மூடியபடியே இருந்தது. தேடிப் போனால், ஜங்ஷன் பாக்ஸ் பக்கத்தில் டேப் சுற்றிய ஒரு துண்டு ஒயர். யாரோ புண்ணியவான் முன்னொரு கோளாறைத் தேடச் சலித்துப்போய், போகிற ஒயரையும் வருகிற ஒயரையும் முறுக்கிவிட்டிருக்கிறார். அதாவது 'டைரக்ட்' பண்ணிவிட்டார்.

இந்தச் சொல்லை நம் பட்டறைகளில் தினமும் கேட்கலாம். "அண்ணே, அந்த சுவிட்ச் மக்கர் பண்ணுது, டைரக்ட் பண்ணிடட்டுமா?" ஹார்னுக்குப் பண்ணலாம், ஃபேனுக்குப் பண்ணலாம். வழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க அது உதவியிருக்கிறது, நான் மறுக்கவில்லை. நம் ஊர் மெக்கானிக்கின் சாமர்த்தியமே அதில்தான் இருக்கிறது என்று பெருமைப்படுகிறவன் நான். ஆனால் இந்த ஒரு சுற்றில் மட்டும் அந்தச் சாமர்த்தியம் கூடாது.

காரணம் எளியது. டைரக்ட் பண்ணினவருக்கு ஒன்றும் ஆகாது. அவருக்குத் தெரியும். வண்டிக்காரருக்கும் ஒன்றும் ஆகாது. அவர் பானெட்டுக்குள் கை விடமாட்டார். வண்டி நன்றாக ஓடும், எச்சரிக்கை விளக்கு அணைந்திருக்கும், பில் குறைவு, எல்லாருக்கும் சந்தோஷம். ஆறு மாதம் கழித்து வேறோர் ஊரில், வேறொரு பையன், வண்டி அணைந்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு மூடியைத் திறப்பான். மின்சார வண்டி சத்தம் போடாது. 'ரெடி' நிலையில் இருந்தாலும் அணைந்த மாதிரியே நிற்கும். மூடியைத் திறந்ததும் கான்டாக்டரைத் துண்டித்து அவனைக் காப்பாற்ற வேண்டிய சுற்றின் வாயில் யாரோ துணி அடைத்துவிட்டார்கள். அந்தப் பையனின் முகம் டைரக்ட் பண்ணினவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பண்ணியிருக்கமாட்டார்.

நாங்கள் அந்தத் துண்டு ஒயரை எடுத்தோம். எடுத்தவுடன் பழைய கோளாறு வெளியே வந்தது. ஹீட்டர் கனெக்டரில் ஒரு பின் பூட்டில் உட்காராமல் பின்வாங்கியிருந்தது. சரி செய்ய ஆன நேரம் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தை மிச்சப்படுத்தத்தான் ஓர் உயிரைப் பந்தயம் வைத்திருக்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு

இப்படிச் சொன்னதும் இன்டர்லாக் இருந்தால் போதும் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். அந்தச் சுற்று 'கதவு சாத்தியிருக்கிறதா' என்று மட்டும்தான் சொல்லும். 'உள்ளே மின்சாரம் இல்லை' என்று அது ஒருபோதும் சொல்லவில்லை. கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், இன்டர்லாக் திறந்தாலும் மின்சாரம் நிற்காது. கெப்பாசிட்டரை வடிக்கிற ஏற்பாடு பழுதானால் மின்னழுத்தம் மெல்லத்தான் இறங்கும். கான்டாக்டர் திறந்தாலும் பேட்டரிப் பெட்டிக்குள் மின்னழுத்தம் அப்படியேதான் இருக்கும். எனவே கனெக்டரை இழுத்து மின்சாரத்தை நிறுத்துவது வேலை முறை இல்லை. அது மறதிக்கு வைத்த கடைசிக் காவல். முறைப்படி இறக்கி, காத்திருந்து, அளந்து, அதற்குப் பிறகுதான் கை வைக்க வேண்டும். காவல்காரனின் வாயை அடைக்கக் கூடாது. காவல்காரன் இருக்கிறான் என்று கதவைத் திறந்து போட்டுத் தூங்கவும் கூடாது.

நம் மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும்

ஏன் இதைக் கல்லூரியில் வந்து பேசுகிறேன்? நம் தெருக்களில் ஓடுகிற மின்சார ஸ்கூட்டர்கள் பல 50 வோல்ட்டுக்கு அருகில் இருப்பவை. அவற்றைப் பிரித்துப் பழகிய கைகள் நிறைய உருவாகிவிட்டன. நல்ல விஷயம். ஆனால் அதே கை, அதே பழக்கத்தோடு காருக்கும் பஸ்ஸுக்கும் போகிறது. சென்னையில் 2025 ஜூனில் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் மின்சாரப் பஸ்கள் ஓட ஆரம்பித்தன. இப்படிப்பட்ட பெரிய வண்டிகள் இன்னும் பல ஊர்களுக்கு வரும். அவற்றைத் தொடப்போகிறவர்கள் நீங்களும், உங்களிடம் வேலை கற்கப்போகிறவர்களும்தான்.

மாணவர்களுக்கு ஒரு யோசனை. இதைக் கற்றுக்கொள்ளக் கார் வேண்டாம். ஒரு பிளைவுட் பலகை, பழைய வண்டிகளில் கழித்துப்போட்ட எட்டுக் கனெக்டர்கள், ஒரு 12 வோல்ட் அடாப்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு எல்.இ.டி. போதும். சீரியல் செட் மாதிரி கோத்துவிடுங்கள். ஒரு குழு பலகையின் பின்பக்கம் ஒரு கோளாறை ஒளித்து வைக்கட்டும்: ஒரு பின்னைப் பாதி தள்ளிவிடுவது, ஓரிடத்தில் 100 ஓம் சேர்ப்பது, ஓரிடத்தில் பாடிக்கு ஷார்ட் பண்ணுவது. இன்னொரு குழு மூன்று அளவைக்குள் கண்டுபிடிக்கட்டும். பத்து தடவை விளையாடினால் பாதி பாதியாக வெட்டுவது கைப்பழக்கமாகிவிடும். கையுறை போட்டுக்கொண்டே விளையாடுங்கள். தடித்த கையுறையில் சின்னப் பூட்டைத் திறப்பதும் ஒரு வித்தைதான்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் சர்வீஸ் நிலையங்களும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும் நடத்துகிறோம். கழித்துப்போடுகிற கனெக்டர்களைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் நம் துறைக்கு ஒரு பெட்டி அனுப்புங்கள். கோடை விடுமுறையில் இரண்டு மாணவர்களை உங்கள் பட்டறையில் நிற்க விடுங்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் பட்டறைச் சுவரில் ஒரு வரி எழுதி வையுங்கள்: 'இன்டர்லாக்கை டைரக்ட் பண்ணக் கூடாது. வாடிக்கையாளர் கேட்டாலும் கூடாது. முதலாளி சொன்னாலும் கூடாது.' கடைசி வாக்கியத்தை முதலாளியே எழுதினால்தான் அதற்கு மதிப்பு.

பெரிய விஷயங்களைப் பேச இந்த மேடைக்குப் பலர் வருவார்கள். ஒரு மெல்லிய ஒயரைப் பற்றி இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டதற்கு என் நன்றி. சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது, மெஸ்ஸில் இன்று வத்தக்குழம்பு என்று கேள்விப்பட்டேன். சந்தேகம் உள்ள மாணவர்கள் பந்தியில் என் பக்கத்தில் உட்காருங்கள், பேசிக்கொண்டே சாப்பிடலாம்.